சியாட்டில் பிள்ளை

மௌரி அவென்யூ மளிகைக் கடையில் சாந்தி பச்சை மிளகாய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது நாகரத்தினம் பின்னால் வந்து தோளைத் தொட்டு, "உன் பையனைப் பாத்தேன் சாந்தி, சியாட்டில்ல" என்றாள்.

சாந்தியின் கையிலிருந்த பிளாஸ்டிக் பை நழுவியது.

"பொண்ணு வீட்டுக்குப் போயிருந்தேன்ல, அங்க லேக் பக்கத்துல வாக்கிங் வந்தான். அவனேதான் வந்து பேசினான். என்னா மரியாதை! 'நல்லா இருக்கீங்களா ஆன்ட்டி, வீட்ல எல்லாரும் சௌக்கியமா'ன்னு அழகா தமிழ்ல கேக்கறான். இங்க பொறந்ததுங்க எதாச்சும் அப்படிப் பேசுதா, சொல்லு? தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு வீட்டுக்கு வர்றானாமே. எங்களையும் கூப்ட்டான். வந்துடறோம்பா."

சாந்தி சிரித்துவைத்தாள். ஐந்து மாதமாக அவளுக்கு அது பழகிப்போயிருந்தது. காருக்குள் உட்கார்ந்து கதவைப் பூட்டிக்கொண்டாள். இளமாறன் சியாட்டிலில் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. ஜூன் மாதம் கலிஃபோர்னியாவின் சியரா மலையில், பனி உருகிப் புரண்டு ஓடிய ஒரு காட்டாற்றைக் கடக்கும்போது, குறுக்கே விழுந்து கிடந்த மரத்தின் மீதிருந்து கால் வழுக்கித் தண்ணீரோடு போய்விட்டான். பதினோரு நாள் தேடினார்கள். உடல்கூடக் கிடைக்கவில்லை.

சியாட்டில் என்பது அவள் சொன்ன பொய்.

கம்ப்யூட்டர் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, இருபத்திரண்டு வயதில் அவன் காட்டு வேலைக்குப் போனான். அரசாங்கக் காடுகளில் நடைபாதைகளைச் செப்பனிட இளைஞர்களைச் சேர்த்து, சம்பளமும் சோறும் கூடாரமும் கொடுக்கிற படை அது. விழுந்த மரத்தை அறுத்து வழி விடுவது, பாறையைப் புரட்டிப் படி கட்டுவது, இதுதான் வேலை. அதில் அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஆனால் இவர்கள் இருக்கும் ஃப்ரீமான்ட்டில் நாலு தமிழ்க் குடும்பம் ஓரிடத்தில் சேர்ந்தால், டீ ஆறுவதற்குள் பையன் எந்த கம்பெனி என்று கேட்டுவிடுவார்கள். கோபிச்செட்டிபாளையத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்து, பிள்ளை மண்வெட்டி பிடிக்கிறான் என்று சாந்தி எந்த வாயால் சொல்வாள்? ஒரு பிறந்தநாள் விருந்தில், சியாட்டிலில் பெரிய கம்பெனி என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், அடுத்த விருந்தில் அந்தப் பொய்க்கும் இலை போட வேண்டியதாயிற்று. ஏரியைப் பார்த்த மாதிரி ஒரு அபார்ட்மென்ட் கொடுத்தாள். நீல நிறத்தில் கார் கொடுத்தாள். தட்டிக்கொடுக்கிற மேனேஜர் கொடுத்தாள். எதைக் கேட்டாலும் இங்கிலீஷில் பதில் சொல்லும் பிள்ளைக்கு நல்ல தமிழ்கூடக் கொடுத்தாள்.

அவன் போன பிறகும் அந்தப் பொய் போகவில்லை. மலையில் இறந்தான் என்று சொன்னால், மலையில் என்ன செய்துகொண்டிருந்தான் என்று சொல்ல வேண்டும். உடல் கிடைக்கட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் கணவர் வெள்ளியங்கிரியும் விட்டுவிட்டார். அவரும் அவளும் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு, டிவி சத்தத்தைக் கூட்டிவைத்து அழுதார்கள்.

காரில் உட்கார்ந்திருந்த அந்தப் பத்து நிமிடத்தில், ஒருவேளை அவன் பிழைத்திருப்பானோ என்று அவளுக்கு வெறி பிடித்தது போல ஓர் ஆசை வந்தது. அன்று மாலையே போன் வந்தது. தெரியாத நம்பர்.

"அம்மா, சாப்ட்டீங்களா?"

இளமாறனின் குரல்தான். சந்தேகமே இல்லை. ஆனால் இருபத்திரண்டு வருடத்தில் அவன் ஒருநாளும் அவளை அப்படிக் கேட்டதில்லை.

"கண்ணு... சாமி... எங்கடா இருக்கே?"

"சியாட்டில்லதாம்மா. ஜன்னலைத் தொறந்தா ஏரி தெரியுது. காலைல ஓடப் போவேன். மேனேஜர் ரொம்ப மெச்சிக்கிறார்."

அவை அவளுடைய சொற்கள். ஏரி, ஓட்டம், மேனேஜர் என்று அவள் விருந்துகளில் சொல்லும் அதே வரிசை. அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாசனை வீடு முழுக்கப் பரவியது. அவள் நகரவில்லை. போனுக்கு அந்தப் பக்கம் மூச்சு விடும் சத்தமே கேட்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள்.

"கடைசியா நான் உங்கிட்ட போன்ல என்ன சொன்னேன், சொல்லு பாக்கலாம்."

மலைக்குள் போவதற்கு முந்தின நாள் இளமாறன் கூப்பிட்டிருந்தான். தானே ஒரு கல்சுவர் கட்டியதாகவும், நூறு வருடம் நிற்கும் என்றும், அம்மா வந்து பார்க்க வேண்டும் என்றும் இங்கிலீஷில் படபடவென்று சொன்னான். அவள் கேட்டுவிட்டு, "இதையெல்லாம் யார்கிட்டயும் சொல்லிட்டு இருக்காதே சாமி" என்றாள். அவன் போனை வைத்துவிட்டான். அதை அவள் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

"அது எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றது குரல், அன்பாக. "நீங்கதான் அதை யார்கிட்டயும் சொல்லலையே."

செவ்வாய்க்கிழமை மலைப் பக்கத்து ஷெரிஃப் போலீஸ் ஆபீஸிலிருந்து வெள்ளியங்கிரிக்குப் போன் வந்தது. ஆற்றில் தண்ணீர் வற்றியதும் இரண்டு பாறைகளுக்கு நடுவே ஓர் உடலைக் கண்டெடுத்திருக்கிறார்கள். அடையாளம் பார்க்கும் நிலையில் இல்லை. பெற்றவர்களில் ஒருவர் நேரில் வந்து, டி.என்.ஏ. சோதனைக்கு வாயில் பஞ்சை ஒற்றி எச்சில் கொடுத்தால் உறுதி செய்துவிடலாம்.

அவர் ஹாலில் நின்றபடியே அதைச் சொன்னார். ஐந்து மாதத்தில் பத்து வயது கூடியிருந்தது அவருக்கு. "வெள்ளிக்கிழமை விடியக்காலைல கெளம்பீரலாம் சாந்தி. பையனைக் கூட்டீட்டு வந்து செய்ய வேண்டியதைச் செஞ்சறலாம். எல்லார்கிட்டயும் உள்ளதைச் சொல்லீரலாம். போதும்."

"அது அவன் இல்லீங்க."

"பின்னே வேற யாரு?"

"அவன் நாளான்னிக்கு வர்றானுங்க. எங்கூடப் பேசுனானுங்க."

வெள்ளியங்கிரி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவள் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைக்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. அப்படியே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

புதன் மாலை மறுபடியும் போன். மழை பிடித்துக்கொண்டிருந்தது.

"அம்மா, நாளைக்கு வந்துருவேன். ஆனா வெள்ளிக்கிழமை அங்க போகாதீங்க. ஆத்துல கெடைச்சவனைப் புள்ளைன்னு ஏத்துக்கிட்டீங்கன்னா நான் இருக்க முடியாதும்மா. ஒருத்தன்தான் இருக்க முடியும்."

போனை வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. பொய்யாகவே இருக்கட்டும், அந்தத் தொண்டை அவள் பெற்ற தொண்டை. அன்றிரவு அவள் காரேஜுக்குப் போய், படையிலிருந்து அனுப்பிவைத்த அவன் பையைத் திறந்து, புகையும் பிசினும் வியர்வையும் கலந்த ஒரு சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தாள். நாளைக்கு எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவேன், என் பிள்ளை மலையில் பாதை போட்டான், அங்கேயே செத்தான் என்று சொல்லிவிடுவேன் என்று அந்தச் சட்டையிடம் சொன்னாள். சொல்லும்போது அதை நம்பவும் செய்தாள்.

வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங் அன்று மூன்று மணிக்கே நாகரத்தினமும் அவள் கணவர் கோபாலசாமியும் வந்துவிட்டார்கள். அடுத்த தெரு அகிலன் குடும்பமும் வந்தது. அரிசி பருப்புச் சாதத்தின் நெய் வாசனை, ஈரக் குடைகளின் வாசனை, யாரோ பூசிவந்த சென்ட் வாசனை எல்லாம் ஒன்றாகக் கலந்து, மூடிய ஜன்னல்களுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தன. சாந்தி இரண்டு முறை தொண்டையைச் செருமினாள். இரண்டு முறையும் யாரோ தண்ணீர் கேட்டார்கள்.

மணி அடித்தது.

வெள்ளியங்கிரிதான் போய்த் திறந்தார். உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றவர், போதும் என்றவர். வாசலில் நின்றவனை அவர் பார்த்தார். அவர் வாயிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது, அடிபட்ட ஆட்டின் சத்தம் போல. பிறகு, "சாமி... என்ற சாமி..." என்று அவனை இழுத்து அணைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். விருந்தாளிகள் சிரித்தார்கள். அப்பாவுக்குப் பிள்ளைமேல் இவ்வளவு பாசமா என்று அகிலன் கைதட்டினான்.

அவன் வீட்டுக்குள் வந்தான். கொட்டும் மழையில் நடந்து வந்தவனின் காலணி காய்ந்திருந்தது.

"நல்லா இருக்கீங்களா ஆன்ட்டி? வாங்க அங்கிள், உக்காருங்க." ஒவ்வொருவரிடமும் பேசினான். சாந்தி பக்கத்தில் வந்து அவள் கையைப் பிடித்தான். வெதுவெதுப்பாக, மெத்தென்று, ரேகையே இல்லாதது போல ஒரு கை. எல்லாரும் உட்கார்ந்ததும் ஏரியைப் பற்றிச் சொன்னான். பிறகு காலை ஓட்டம். பிறகு மேனேஜர். அகிலனின் மனைவி, அலுவலகத்தில் பக்கத்து சீட்டில் யார் என்று கேட்டாள். அவன் பதில் சொல்லாமல் சிரித்தபடி சாந்தியைத் திரும்பிப் பார்த்தான். அவள் சொல்லித்தர வேண்டும் என்று காத்திருக்கிற பார்வை.

"பஞ்சாபிப் பையன்" என்றாள் சாந்தி, தன்னையறியாமல்.

"பஞ்சாபிப் பையன் ஆன்ட்டி" என்றான் அவன்.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. முதலில் லேசாக. ஈரமான பைன் இலை, பாசி, குளிர்ந்த சேறு. நெய்யையும் சென்ட்டையும் தாண்டி, தரையோடு தரையாக ஊர்ந்து வந்தது. அவளைத் தவிர யாருக்கும் அது எட்டியதாகத் தெரியவில்லை. சோறு போட்டுக்கொண்டிருந்த அவள் கரண்டி பாதியில் நின்றது.

டக்.

பின்பக்கக் கண்ணாடிக் கதவு.

டக். டக்.

அவள் திரும்பவில்லை. திரும்பக் கூடாது. கழுத்து தானாகத் திரும்பியது.

கொல்லைப் புல்லில் அவன் நின்றிருந்தான். மஞ்சள் ஹெல்மெட். கிழிந்த சட்டை. ஒரு காலில்தான் பூட்ஸ். உடம்பிலிருந்து தண்ணீர் வழிந்தது, மழை அதற்குள் நின்றுபோயிருந்தும் வழிந்தது. உதடு நீலம். கன்னத்தில் ஒரு பக்கம் பாறை தேய்த்த மாதிரி. ஆனாலும் அவன்தான். அவள் பெற்றவன்தான். கோபமே இல்லை அந்த முகத்தில். அதுதான் அவளைக் கொன்றது. ஏதோ சாதித்துவிட்டு வந்த பிள்ளை போல இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் கண்ணாடியில் வைத்துக் காட்டினான். காய்ப்பு. கீறல். உழைத்த கை.

"யாருப்பா அது, பின்னாடி நிக்கறது?" என்றாள் நாகரத்தினம்.

எல்லாரும் திரும்பினார்கள். வெள்ளியங்கிரியும் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. பக்கத்தில் இருந்தவன் தோளை அவர் விடவில்லை. இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"நீயே சொல்லு சாந்தி" என்றார். பிச்சை கேட்கிற குரல்.

மேசையருகே இருந்தவன் அவளைப் பார்த்தான். கண்ணாடிக்கு அப்பால் இருந்தவனும் பார்த்தான். ஒரே கண்கள். இரண்டு ஜோடி.

என் பிள்ளை என்று சொல்ல வேண்டும். இரண்டே சொல். சொன்னால் இவன் போய்விடுவான். அப்பா என்று கூப்பிட ஆளில்லாமல் அவர் மறுபடியும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். வீட்டில் ஒரு குரலும் இருக்காது. வெள்ளிக்கிழமை பஞ்சு. பெட்டி. சாம்பல்.

நாகரத்தினம் காத்திருந்தாள்.

சாந்தி வாயைத் திறந்தாள்.

"தெரியலீங்க அக்கா. யாரோ வீடு மாறி வந்துட்டானாட்ட இருக்குது."

பேச்சு மறுபடியும் தொடங்கியது. அப்பளம் நொறுங்கியது. யாரோ ஊறுகாய் கேட்டார்கள். அவளுக்கு அருகே இருந்தவன் நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டான். அவன் மூச்சு விட்டு அவள் கேட்டது அதுதான் முதல் முறை.

அவள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெளியே நின்றவன் போகவில்லை. முதலில் புருவம் கரைந்தது. பிறகு மூக்கு. ஆற்றுக்கல்லைத் தண்ணீர் தேய்ப்பது போல, அவள் முத்தமிட்ட ஒவ்வோர் இடமும் வழவழவென்று ஆகிக்கொண்டே வந்தது. எப்படி இருந்தது அந்த முகம் என்று அவள் நினைத்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை. ஹெல்மெட்டுக்குக் கீழே இப்போது ஒன்றுமே இல்லை. வாய் இருந்த இடம் மட்டும் கண்ணாடியோடு ஒட்டி அசைந்துகொண்டிருந்தது. திறந்தது. மூடியது. திறந்தது.