கழுவிய சுவரில் எழும்பிய கோடுகள்

நளீம் மாமா காலை முழுவதும் சுவரில் போட்ட கரிக்கோடுகளை ஸில்மியா கால் மணி நேரத்தில் கழுவி முடித்துவிட்டாள். தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு, தேங்காய்ப் பொச்சால் மூச்சு வாங்க வாங்கத் தேய்த்தாள். ஒரு கோடுகூட மிஞ்சவில்லை. அப்படி ஒரு சுத்தமான வேலை.

நளீம் மாமாதான் வீட்டுக்குப் பெயின்ட் பூச வந்தவர். தேநீர் குடித்துவிட்டு வந்தவர் சுவரைப் பார்த்தபடியே நின்றார்.

"சுவரில ஆரோ கிறுக்கியிருந்தாங்க மாமா. கழுவிட்டன்" என்றாள் ஸில்மியா.

"அந்த ஆரோ நான்தான் புள்ள" என்றார் அவர்.

கடற்காற்றின் உப்புப் பட்டுப் பட்டுச் சுவரெல்லாம் மயிரளவு வெடிப்பு. அவற்றைக் கண்ணாடி போட்டுத் தேடித் தேடி, கரியால் குறித்து வைத்திருந்தாராம். பசை வைத்து அடைத்த பிறகுதான் பெயின்ட். அடைக்காமல் பூசினால் மாரி மழை உள்ளே இறங்கி, பெயின்ட் எல்லாம் கொப்புளமாக எழும்பிவிடுமாம். இனி முதலில் இருந்து தேட வேண்டும் என்று சொல்லிவிட்டு, நடுப்பகல் ளுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனார்.

ஏசியிருந்தால் பரவாயில்லை. ஏசாமல் போனதுதான் ஸில்மியாவுக்குக் கரைச்சலாக இருந்தது.

அவள் உதவி செய்யக் கிளம்பியதற்கு ஒரு காரணம் இருந்தது. மூத்த சகோதரி றுக்ஸானா ராத்தாவுக்கு அடுத்த மாதம் கலியாணம். ஊர் வழக்கப்படி வீடு கலியாணமாகும் மகளுக்கு. மாப்பிள்ளை இந்த வீட்டுக்கு வந்துவிடுவார். அது ஸில்மியாவுக்குத் தெரியும். அப்படியென்றால் வாப்பா, உம்மா, தான், மூன்று பேரும் எங்கே போவது? அதுதான் தெரியவில்லை.

உம்மாவிடம் கேட்டால், அது பெரியாக்கள் கதை என்று மீன் வெட்டப் போய்விடுகிறார். வாப்பாவிடம் கேட்டால் உம்மாவிடம் கேட்கச் சொல்கிறார். ராத்தாவோ, கலியாணம் என்ற சொல்லைக் கேட்டதுமே வெட்கப்பட்டு அறைக்குள் ஓடிவிடுகிறாள். சம்மாந்துறையில் இருக்கும் சாச்சி வீட்டுக்கா போகப்போகிறோம்? அப்போது பள்ளிக்கூடம்? கல்முனைக் கடல்?

பெரியாக்களின் வேலை ஒன்றைச் செய்து காட்டினால், தன்னையும் பெரிய ஆளாக எடுத்துப் பதில் சொல்வார்கள் என்று நினைத்தாள். செய்தும் காட்டிவிட்டாள். இப்போது இரண்டு வயது குறைந்தது போல் இருந்தது.

முருங்கை நிழலில் குந்தி, காய்ந்துகொண்டிருந்த சுவரையே பார்த்தாள். அதில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று. எறும்பு வரிசை என்று நினைத்துக் கிட்டப் போய் ஊதினாள். எறும்பு நகரவில்லை. விரலால் தொட்டாள். ஈரம்.

பக்கத்தில் இன்னொன்று. ஜன்னலுக்கு மேலே மற்றொன்று.

கோட்டுக்குப் பக்கத்துச் சுவரைத் தடவிப் பார்த்தாள். பிறகு புரிந்தது. சுவர் காய்ந்துவிட்டது, வெடிப்புக்குள் இறங்கிய தண்ணீர் மட்டும் இன்னும் காயவில்லை. ஆனால் வெயில் அதையும் சீக்கிரம் காய வைத்துவிடுமே!

ஓடிப்போய்க் கரித்துண்டை எடுத்தாள். எட்டாத இடத்துக்குக் கதிரை வைத்து ஏறினாள். உம்மா சோறு தின்னக் கூப்பிட்டதுகூடக் காதில் ஏறவில்லை. கோடுகள் மறைவதற்குள் எல்லாவற்றையும் குறித்துவிட்டாள்.

நளீம் மாமா வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சுவரை இந்த மூலையில் இருந்து அந்த மூலைவரை பார்த்தார். ஜன்னலுக்கு மேலே இருந்ததைத் தான் காணவே இல்லை என்று ஒத்துக்கொண்டார். என்ன வேண்டும், ஐஸ்கிரீமா என்று கேட்டார்.

"எனக்கு ஒரு பதில் வேணும் மாமா" என்றாள் ஸில்மியா. தன் கேள்வியையும் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்து வாப்பா மோட்டார் சைக்கிளை உள்ளே கொண்டுவந்தார்.

"காக்கா, இந்தப் புள்ள எனக்கு அரைநாள் வேலை மிச்சம் புடிச்சுத் தந்திருக்கு. அது கேக்கிறதுக்கு நேரான பதில் ஒண்டு செல்லுங்க" என்று வாப்பாவிடம் சொன்னார் நளீம் மாமா.

"கலியாணத்துக்குப் புறகு நான் எங்க இருப்பன் வாப்பா?"

வாப்பா உம்மாவைத் தேடி வாசலைப் பார்த்தார். உம்மா அங்கே இல்லை. தப்ப வழியில்லை.

"வீடு ராத்தாக்கு. ஓம். நாம கிணத்தடிக்கு அங்கால ரெண்டு அறை கட்டி இருப்பம். அது முடியுமட்டும் இஞ்சதான், ராத்தாவோட. பள்ளிக்கூடமும் மாறாது."

"இதச் செல்லவா இவ்வளவு நாள்?"

"எங்களுக்கே தெரியாமத்தான் இருந்திச்சு மகள். நேத்துத்தான் அறை கட்ட உம்மா ஓமெண்டா."

இந்த வீட்டில் குழம்பிப்போய் இருந்தது தான் மட்டும் இல்லை என்று தெரிந்ததும், ஸில்மியாவுக்கு நல்ல பசி எடுத்தது.