றிஷாடின் தகடு

வெள்ளிக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு றிஷாட் எடுக்கும் வீடியோ அழைப்பில் எப்போதும் வெயில் அடிக்கும். அன்று திரை முழுக்க இருட்டு.

கல்முனையில் புடவைக் கடைக்காரரின் மகளாய் வளர்ந்த றுக்ஸானாவை ஏய்ப்பது லேசல்ல. துணியைத் தடவியே சாயம் நிற்குமா போகுமா என்று சொல்லிவிடுவாள். புருசன் றிஷாட் மூச்சு வாங்கிய விதத்திலேயே சரக்கு சரியில்லை என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. தெருவில் ஆட்டோக்கள் இரைய, குசினியில் பகல் சமைத்த மீனாணத்தின் புளிவாடை இன்னும் சுற்றிக்கொண்டிருக்க, ஃபோனுக்குள் மட்டும் எங்கோ தண்ணீர் சொட்டிச் சொட்டி நின்றது.

"புள்ள, நான் இன்னும் சுரங்கத்துக்குள்ள. எல்லாரும் ஏறிட்டானுகள். இரும்புக் கதவு பூட்டிக் கிடக்கு."

வளைகுடா நகரமொன்றில் நிலத்தடி ரயில்பாதை பராமரிக்கும் வேலை அவனுக்கு. வெள்ளி காலையில் ரயில் ஓடாது. மின்சாரத்தை நிறுத்தி ஆட்களை இறக்குவார்கள். இறங்குகிறவன் தன் பெயர் வெட்டிய பித்தளைத் தகட்டை மேலே பலகையில் மாட்ட வேண்டும்; ஏறியதும் தானே கழற்ற வேண்டும். பலகை வெறுமையானால்தான் தண்டவாளத்துக்குக் கரண்ட் போகும். சட்டம் அப்படி. ஆனாலும் ஜும்ஆத் தொழுகைக்குப் பிந்திவிடுமென்றால் ஊர்க்காரர்கள் ஒருவன் தகட்டை மற்றவன் கழற்றிவிடுவார்கள். கூட்டாளிக்குச் செய்யும் உபகாரமாம்.

"மேல ஃபோன் அடிச்சுச் சொன்னீங்களா?"

"சொன்னன். கொன்ட்ரோல் ரூம்காரன் சிரிக்கான். றிஷாட் இப்பதான் தகட்டக் கழட்டிட்டுப் போறான், நீ ஆருடா எண்டு கேக்கான். மர்சூக் நான் அடிச்சா எடுக்கானில்ல, நீ அவனுக்கு ஃபோன் அடி புள்ள. இதுல ஒதுங்கி நிக்க இடமில்ல. கெதியா!"

மர்சூக் அவனோடு வேலை செய்யும் ஊர்க்காரன். றிஷாடின் அழைப்பை இடதுகையில் பிடித்தபடி, வலதுகையால் மற்ற ஃபோனை எடுத்து மர்சூக்கை வீடியோவில் அழைத்தாள்.

"மர்சூக், அவர்ட தகட்ட நீங்களா கழட்டின? அவர் கீழ இரிக்கார்! கரண்ட் போட வேணாண்டு சொல்லுங்க!"

மர்சூக் சிரித்தான். "பகிடிக்கும் அளவு வேணும் மதினி. உங்கட மாப்புள என்ட பக்கத்துல நிக்கான். இந்தா பாருங்க."

மர்சூக்கின் முகமெல்லாம் சுரங்கத்துக் கருந்தூசி. பக்கத்தில் றிஷாட். அதே தாடி, அதே கோணற்பல். முகத்தில் தூசி ஒரு பொட்டுமில்லை.

இடதுகை ஃபோன் கேட்டது. "புள்ள... அது ஆரு?"

வலதுகை ஃபோனில் அவன் புன்னகைத்தான்.

"மர்சூக், வல்லாஹி அது அவர் இல்ல! கீழ ஆளனுப்பிப் பாருங்க. சரி, ஆள் வேணாம். கரண்டக் கொஞ்சம் பிந்திப் போடச் சொல்லுங்க. ஒரு நிமிசம். அரை நிமிசம்."

வாழ்நாளில் அவள் இவ்வளவு இறங்கிப் பேரம் பேசியதில்லை.

"பலகையில ஒண்டுமில்லயே மதினி," என்றான் மர்சூக். இப்போது அவன் சிரிக்கவில்லை. "ஆள் என்ட கண்ணுக்கு முன்னால நிக்கிறான். நான் என்னத்தச் சொல்ல?"

இடதுகையில் ஓர் இரைச்சல். வண்டுபோல. பிறகு கூடு கலைந்த குளவிகள்போல.

"தண்டவாளம் இரையுது. புள்ள. தண்டவாளம்—"

வெள்ளை.

கறுப்பு.

குசினிக்குள் கருகிய மயிரின் வாடை.

"இஞ்சேருங்க," என்றாள். "இஞ்சேருங்க." இடதுகை ஃபோன் சும்மா இருந்தது.

வலதுகைத் திரையில், மர்சூக்கின் ஃபோன் பக்கத்தில் நின்றவனின் கைக்கு மாறியது. முகம் கிட்ட வந்தது. கண் இமைக்கவில்லை.

"திங்கக்கிழம லீவுல வாறன் புள்ள." அவனுடைய குரலேதான். அவனுடைய 'புள்ள'தான். "நம்மட ஊடு எங்க இரிக்கெண்டு மட்டும் சொல்லு."

அவன் காத்திருந்தான், வாயைத் திறந்தபடியே. நாக்கின்மேல் பித்தளைத் தகடு. அதில் றிஷாட் என்று வெட்டியிருந்தது.