இறங்குவரிசை

இருபது பெயர்கள் வரவேண்டிய பக்கத்தில் இருபத்தொரு வரிகள் வந்திருந்தன.

பல்லேகல இடர் முகாமைத்துவ அலுவலகத்தின் மேல்மாடியில், பிற்பகல் மூன்று மணிக்கே மழைமூட்டம் யன்னல்களை அடைத்துவிட, குளிரூட்டியின் உறுமலும் ஈரக்குடைகளின் புழுங்கல் வாடையும் சூழ்ந்த அவ்வறையில், இராஜகுமாரி கணினித் திரையை நெருங்கி அமர்ந்தாள். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் மண்சரிவு அபாயமுள்ள லயங்களில், தொழிலாளரின் அந்த வரிசை வீடுகளில், வசிப்போரின் பட்டியல் அது. மாலைக்குள் ஒப்படைத்தால் நாளையே அவர்களை வேறிடத்துக்கு மாற்றுவார்கள். லய இலக்கம், அறை இலக்கம், பிறந்த திகதி ஆகிய மூன்றையும் கோத்த கூட்டுச் சாவியின்படி பெயர்கள் ஏறுவரிசையில் நின்றன. ஒரு பக்கத்தின் கடைசிச் சாவியைக் கொடுத்து, இதற்குப் பின் யார் என்று வினவினால்தான் அடுத்த பக்கம் வரும். பட்டியலின் கடைசி, ஏழாம் லயத்தின் பன்னிரண்டாம் அறை. அங்கே அவள் தங்கை தனுஜா தனியே இருந்தாள்.

இருபத்தோராவது வரியில் பெயர் இல்லை. இரண்டாம் லயம், நான்காம் அறை. பிறந்த திகதி, இன்று.

இதே தரவின் பிரதியொன்று பிலிமத்தலாவையிலும் இருந்தது. அதைப் பராமரிக்கும், அண்ணன் முறையில் அவள் நானா என்று கூப்பிடும் ஸிபானைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"இங்கயும் அப்படித்தான் ஈக்கிது, ராஜி. லயத்துல புள்ள பொறந்தீக்கும். பேரு வைக்க டைம் குடுக்க வாணாமா?"

"வெளையாடாதீங்க நானா."

அடுத்த பக்கத்தைக் கேட்டாள். பெயரற்ற அவ்வரி இப்போது மூன்றாம் லயத்தின் ஒன்பதாம் அறையில் இருந்தது. ஐயுற்று முந்திய பகுதியைத் திரும்ப வினவினாள். அது கடந்துவந்த அறைகளில் எவருமே இல்லை.

"நானா, பேரெல்லாம் அழிஞ்சு போகுது!"

ஸிபானின் குரலில் சிரிப்பு வற்றியிருந்தது. "அழியல்ல ராஜி. எல்லா மெஷினும் ஒரே பதில்தான் சொல்லுது. அங்க ஆளில்லயாம்."

உறுதிப்படுத்திக்கொள்ள மீண்டும் ஒருமுறை வினவினாள். ஐந்தாம் லயம். அப்போதுதான் அவளுக்கு விளங்கிற்று. அது தானாக நகரவில்லை. ஒவ்வொரு முறையும் சாவியைக் கொடுத்து, இருபது பேருக்கு அப்பால் அதை அழைத்துச் சென்றவள் அவளே.

விசைப்பலகையிலிருந்து கைகளை எடுத்தாள். கைபேசி ஒளிர்ந்தது. காணொளி அழைப்பில் தனுஜாவின் முகம்.

"அக்கா, கீழ் லயங்கள்ல ஒரு சத்தமும் இல்ல. நாய்கூடக் கொலைக்கல. ஒரே ஈரமண்ணு வாசம். நா வெளிய ஓடிரவா?"

"வேணாம்டி. கதவப் பூட்டிட்டு உள்ளயே இரு. நா அதத் திருப்பி அனுப்புறேன்."

"எத?"

வந்த வழியே அது திரும்பிப் போகட்டும் என்று, ஏறுவரிசையை இறங்குவரிசையாக மாற்றினாள். அழுத்தினாள்.

விரல் எழுமுன்பே உணர்ந்தாள். தொடக்கச் சாவியை இடவில்லை. தொடக்கம் குறிக்கப்படாத இறங்குவரிசை, பட்டியலின் கடைசியிலிருந்தே தொடங்கும்.

முதல் வரி வந்தது.

ஏழாம் லயம். பன்னிரண்டாம் அறை. பிறந்த திகதி, இன்று.

பெயர் இல்லை.

"அக்கா... உள்ளுக்குள்ள..."

கைபேசி கீழே விழுந்த ஓசை. காணொளியில் தகரக்கூரை. அதன்மேல் மழையின் ஓசை. வேறொன்றுமில்லை.

பின்னர் ஓரங்களிலிருந்து முகங்கள் குனிந்தன. ஒன்று. மூன்று. இருபது. குழந்தைகள் முன்னே, முதியவர்கள் பின்னே. நெருக்கியடித்துக்கொண்டு. எல்லா வாய்களிலும் செம்மண் திணிக்கப்பட்டிருந்தது.

கடைசியாகக் குனிந்தவள் தனுஜா.

அவளுடைய கண்கள் மட்டும் இன்னமும் இமைத்துக்கொண்டிருந்தன.