உரிமையாளர்: மைத்தே

மழை பிடித்துக்கொண்டால் பய்சாந்து ஊரில் வீட்டுக்கு வீடு மாவைத் தட்டி எண்ணெயில் போட்டுவிடுவார்கள். அந்தத் தோர்த்தா வாசனை நெலிதாவோடு சேர்ந்து வானொலி நிலையத்துக்குள்ளும் வந்தது. மதியம் இரண்டு மணி, ஊரே படுத்துத் தூங்கும் நேரம். நிலையம் ஒரு பழைய வீடு. அதன் பின்னறையில், இரும்பு அலமாரிக்குள் சர்வர் ஓயாமல் உறுமிக்கொண்டிருக்கும். பத்தொன்பது வருடமாக அதைப் பார்த்துக்கொள்பவள் நெலிதா.

நிலைய இயக்குநர் வால்தேர், மாத்தே என்னும் சூடான மூலிகைத் தேநீர் இருந்த குடுக்கையை நீட்டினார். "ரெண்டு மடக்கு குடி. நனைஞ்சு போயிருக்க."

"சுத்தி வளைக்காத வால்தேர். விஷயத்தச் சொல்லு."

"சர்வர்ல இருக்குற மைத்தே கணக்க நீக்கிடு. அவ போய் எட்டு மாசமாச்சு. நாளைக்குப் புது மெஷினுக்கு மாறுறோம். அவ ஃபைலையெல்லாம் அவ எடத்துக்கு வந்திருக்குற ரமிரோ பேருக்கு மாத்திடு." குரல் இறங்கியது. "உன்னால முடியலன்னா வேற ஆள…"

"என் பொண்ணு. நானே செய்றேன்."

மைத்தே இதே நிலையத்தில் ஒலித்தொகுப்பு செய்தவள். சர்வரில் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. யார் படிக்கலாம், யார் தொடக்கூடாது என்பதை அவரே முடிவு செய்வார். சர்வர் நிர்வாகியான நெலிதாவுக்கு மட்டும் எந்தப் பூட்டும் கிடையாது. கிடையாது என்பதற்காகவே யாருடையதையும் திறந்து பார்க்கக் கூடாது. அவள் இதை எல்லோர் விஷயத்திலும் காப்பாற்றினாள், பெற்ற மகள் விஷயத்தில் தவிர. 'என்னுடையது' என்று மைத்தே பூட்டி வைத்திருந்த ஃபோல்டரை ஒருநாள் திறந்துவிட்டாள். உள்ளே தலைநகர் மொந்தெவிதேயோவில் ஒரு வேலைக்கு மைத்தே எழுதிய கடிதம். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அதைச் சொல்லிக் காட்டியும் விட்டாள்.

"வீட்லயும் தட்டாம என் ரூமுக்குள்ள வருவ. அங்கயுமா? ஒரே ஒரு தடவ தட்டிட்டு வந்தா என்னம்மா?"

"பெத்தவடி நான். உங்கிட்ட எனக்கென்ன அனுமதி?"

மைத்தே மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தாள். ஈரச்சாலை அவளைத் திருப்பி அனுப்பவில்லை.

நெலிதா திரைக்கு முன் உட்கார்ந்தாள். பதினோராயிரம் ஃபைல்கள், ஒரே ஒரு கட்டளை. மகளின் பெயர் வரி வரியாக அழிந்து ரமிரோ ஆனது. ஐயோ, அதைப் பார்க்க எந்தத் தாய்க்கு மனசு வரும்?

ஒரு வரி மட்டும் மாறவில்லை. அந்த ஃபோல்டர்தான். மறுபடி கட்டளையிட்டாள். ரமிரோ என்று மாறியது. கண்ணெதிரே திரும்பி மைத்தே ஆனது.

எங்கோ தப்பாகத் தட்டிவிட்டோம் என்று நினைத்துக் கணக்கையே நீக்கினாள். கணக்குப் போனால் பெயரும் போகும், வெறும் எண்தான் நிற்கும். அந்தப் பெயரை இயந்திரம் தெரிந்துகொள்ள வழியே இல்லை.

மெதுவாகப் பார்த்தாள்.

உரிமையாளர்: மைத்தே.

உறுமல் அடங்கியது. நனைந்த மழைக்கோட்டின் வாசனையும் பெட்ரோல் வாசனையும் அறையில் நின்றன.

மகளின் குரல் ஒரு வரியாவது உள்ளே இருக்காதா? நெலிதாவுக்கு வேண்டியதெல்லாம் அதுதான். ஃபோல்டரைத் திறக்கப் போனாள்.

அனுமதி இல்லை.

பத்தொன்பது வருடத்தில் நிர்வாகிக்கு வந்திராத பதில். சர்வரின் நினைவக வட்டைக் கழற்றி வேறு இயந்திரத்தில் மாட்டினால் திறந்துவிடலாம். கை திருப்புளி வரைக்கும் போனது. போன கை அப்படியே நின்றது.

அலமாரிக் கதவை விரலால் இரண்டு முறை தட்டினாள்.

"மைத்தே… அம்மா வரலாமா?"

அனுமதி இல்லை.

"சரிடி. நான் வரல. நீ சொல்லாம வரவே மாட்டேன்." வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மறுநாள் எல்லாவற்றையும் புது இயந்திரத்துக்கு மாற்றினாள், அந்த ஃபோல்டரைத் தவிர. பழையதை வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். புதியதைத் திறந்தபோது அது அங்கே இருந்தது. அதே பெயர், அதே பூட்டு.

அதன் பிறகு தினமும் இரண்டு மணிக்கு வருவாள். இரண்டு தட்டு, ஒரு கேள்வி. அதே பதில். மறுக்கவாவது மகள் இருக்கிறாளே என்று வீட்டுக்குப் போவாள்.

ஒரு மழைநாளில் காய்ச்சல் அடித்துப் போட்டது. போக முடியவில்லை. தனி வீட்டில் போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். கடிகாரம் இரண்டு அடித்தது.

படுக்கையறைக் கதவில் யாரோ தட்டினார்கள்.

இரண்டு தட்டு.

பெட்ரோல் வாசனை. கதவு திறக்கவில்லை. வெளியே நிற்பவர் காத்திருந்தார்.

மறுபடி இரண்டு தட்டு.

"வாடி கண்ணு. உனக்கெதுக்குடி அனுமதி?"

கைப்பிடி மெல்லத் திரும்பியது.

சாயங்காலம் வால்தேர் சூப்போடு வந்தார். வாசலிலிருந்து படுக்கை வரைக்கும் ஈரக் காலடித் தடம். வந்த தடம் மட்டும்தான், திரும்பிப் போன தடம் இல்லை. கட்டிலின் ஓரத்தில் ஒடுங்கி, இன்னொருவருக்கு இடம் விட்டு, நெலிதா படுத்திருந்தாள்.

"யாரு வந்தாங்க நெலிதா?"

அவள் உதட்டில் விரல் வைத்தாள்.

"மெதுவாப் பேசு. இப்பத்தான் தூங்குறா."