ராகினி வீட்டு மாணிக்கக் குழி

மாணிக்கக்கல் கிடைக்கும் இரத்தினபுரிப் பக்கம் யாராவது தன் வீட்டு வளவில் மண்வெட்டியைக் கையில் எடுத்தால் போதும், வேலிக்கு மேலே தலைகள் முளைத்துவிடும். ராகினியின் அப்பா சுதாகரன் மூன்றாவது குழியைத் தோண்டத் தொடங்கியபோது வேலியோரம் நிற்க இடம் இல்லை.

"சுதாகரன், கல்லுத் தோண்ட லைசன் எடுத்தாச்சா?" என்று கேட்டார் பக்கத்து வீட்டு புவாட் நானா. ஊரே அண்ணன் என்ற பொருளில் நானா என்று கூப்பிடும் அவர் மாணிக்கக்கல் வியாபாரி. இரண்டு மாணிக்கக் குழிகளில் பங்கும் வைத்திருந்தார்.

"கல்லு இல்ல நானா. தண்ணி வால்வு தேடுறேன்."

"எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க. போன வருஷம் ஒருத்தன் கக்கூஸ் குழின்னு சொன்னான்."

வேலியோரம் முழுவதும் சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. ராகினியும் சிரிக்கவில்லை.

அந்த வீட்டை அவர்கள் வாங்கி அதிக நாள் ஆகவில்லை. முன்பு இருந்தவர் முற்றத்தில் புல் வளர்த்து, மண்ணுக்கடியில் குழாய்களும் வயர்களும் பதித்திருந்தார். சுவரில் இருக்கும் பச்சைப் பெட்டியில் பொத்தானை அழுத்தினால், புல்லுக்குள்ளிருந்து சின்னச் சின்னக் குழாய்கள் தலை தூக்கித் தண்ணீர் தெளிக்கும். மறுபடி அழுத்தினால் உள்ளே போய்விடும்.

அந்தப் பக்கத்துக்கெல்லாம் தண்ணீர் தரும் மலைமேல் தொட்டியைக் கழுவிய மறுநாள், மூலையில் இருந்த குழாய்கள் உள்ளே போக மறுத்தன. பெட்டியை அணைத்தார்கள். பிளக்கைப் பிடுங்கினார்கள். தண்ணீர் வரும்போதெல்லாம் அவை தெளித்துக்கொண்டே இருந்தன.

"வெயில் காலம்தானே, புல்லுக்கு நல்லது" என்றார் அப்பா.

அதே வாரம் லோஜினி தினமும் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாக வந்தாள். அவள் ராகினியின் வகுப்புத் தோழி. ராகினி வீட்டுக்குக் கீழே, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்தாள்.

"தூங்கிட்டியாடி?" என்று கேட்டாள் ராகினி.

"எங்க தூங்குறது? பைப்புல காத வச்சிக்கிட்டு நிக்கிறேன்."

"காதையா?"

"தண்ணி வர்றதுக்கு முன்னாடி பைப்புக்குள்ள உறுமும். மொதல்ல கேட்டவங்க மொதல்ல வாளிய வைக்கலாம். இப்ப உறுமுறதே இல்ல. நூல் மாதிரி வந்து நின்னுடுது. மேல யாரோ எல்லாத்தையும் குடிச்சிடுறாங்க."

குடிப்பது யார் என்று ராகினிக்குத் தெரிந்துவிட்டது. மலைமேல் தொட்டியிலிருந்து ஒரே குழாய்தான் வருகிறது. அது முதலில் ராகினி வீட்டுக்கும், பிறகு லயத்துக்கும் போகிறது. காலையும் மாலையும் கொஞ்ச நேரம்தான் திறந்துவிடுவார்கள். அந்த நேரத்தில் புல் குளித்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னாள். அவர் உடனே போய், வீட்டுக்கு வரும் தண்ணீரை அடைக்க கேட் அருகே இருந்த குழாயை மூடினார். வீட்டுக் குழாய்களும் நின்றன.

"நல்ல வேல. சோத்த எதுல ஆக்குறது?" என்று அம்மா வெறும் பானையைக் கவிழ்த்துக் காட்டினார்.

மூலைக் குழாய்களை மட்டும் நிறுத்த வேண்டும். அதற்கு அவற்றின் வால்வு வேண்டும். அது மண்ணுக்குள் எங்கேயோ இருந்தது.

"எங்கன்னு காட்டுங்க, வந்து சரி பண்றேன்" என்றார் குழாய் வேலை செய்யும் பைப் பாஸ். கனடாவில் இருந்த பழைய வீட்டுக்காரரோ, "மாமரத்துக்குப் பக்கத்துல" என்று வாட்ஸ்அப்பில் பதில் அனுப்பினார். மாமரத்தை வெட்டி விற்ற பிறகுதான் அவர் வீட்டை விற்றிருந்தார்.

அதனால் அப்பா பச்சைப் பெட்டியிலிருந்து இறங்கும் வயரைப் பின்தொடர்ந்து தோண்டினார். அது சிமெந்துப் பாதைக்கு அடியில் நுழைந்து மறைந்தது. பாதைக்கு அப்பால் குத்துமதிப்பாகத் தோண்டினார். கிடைத்தது ஒரு பழைய செருப்பு. மூன்றாவது குழியில் அதன் ஜோடி கூட இல்லை.

புவாட் நானாவுக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்குள் போய், ஆளைவிட நீளமான ஓர் இரும்புக் கம்பியோடு வந்தார்.

"இத எறக்கிப் பாத்தா கீழ களியா, கல்லான்னு சத்தத்துலயே தெரிஞ்சிடும். எனக்குப் பங்கு வேணாம். பாத்துட்டு மட்டும் போறேன்."

"ஐயோ வேணாம் நானா! வயரையோ பைப்பையோ குத்திடும்" என்று அப்பா தடுத்தார்.

சத்தம் என்ற சொல்லைக் கேட்டதும் ராகினிக்கு லோஜினியின் காது நினைவுக்கு வந்தது.

"நானா, அந்தக் கம்பிய எனக்குத் தாங்களேன். குத்த மாட்டேன். அப்பா, கேட் பைப்ப தெறங்க."

"இப்பதான் லயத்துக்குத் தண்ணி விட்டிருக்காங்க. தெறந்தா இங்க வந்துடுமே?"

"கொஞ்ச நேரந்தாம்ப்பா. தண்ணி ஓடுனாத்தான் கேக்கும்."

அப்பா திறந்தார். மூலைக் குழாய்கள் தலை தூக்கின. ராகினி கம்பியின் கூர்முனையைப் புல்லில் மெதுவாக ஊன்றி, கம்பியோடு காதை ஒட்டிக்கொண்டாள். அவள் மேல் தண்ணீர் அடித்தது.

"என்ன புள்ள, கல்லு பேசுதா?" என்று வேலியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"நீங்க பேசாம இருந்தா பேசும்" என்றாள் ராகினி.

குழாய்களுக்கு அருகே மெல்லிய சீறல் மட்டும் கேட்டது. கொஞ்சம் தள்ளி வைத்தாள், சீறல் குறைந்தது. பாதையோரம் வைத்தாள், ஒன்றும் இல்லை. மதில் பக்கம் போனாள். அங்கே புல்லைத் தவிர எதுவும் இல்லை. ஆனால் கம்பிக்குள் உறுமல் கேட்டது. அரை அடி இந்தப் பக்கம் வைத்தால் குறைந்தது. அந்தப் பக்கம் வைத்தாலும் குறைந்தது.

"அப்பா, வால்வு இங்கதான்! தண்ணி இடிச்சிப் போற சத்தம் கேக்குது."

புவாட் நானா குனிந்து தன் காதை வைத்தார். "அட! யாரோ வாய் கொப்புளிக்கிற மாதிரி இருக்கு!"

அப்பா தண்ணீரை மூடிவிட்டு அந்த இடத்துப் புல்லைக் கையால் பெயர்த்தார். ஒரு சாண் ஆழத்தில் பச்சை நிற பிளாஸ்டிக் மூடி தெரிந்தது. மூடியைத் தூக்கினால், உள்ளே வால்வு. அதோடு இணைத்த இரண்டு வயர்களும் அறுபடாமல் இருந்தன.

வால்வின் ஆணிகளைக் கழற்றி ரப்பர் தட்டைத் தூக்கினார் அப்பா. அதன் கீழே, வால்வை மூட விடாமல், ஒரு சின்னக் கல் உட்கார்ந்திருந்தது.

வேலியோரத் தலைகள் இன்னும் உயரே எழும்பின.

புவாட் நானா சட்டைப்பையிலிருந்து டார்ச்சை எடுத்துக் கல்லுக்குப் பின்னால் பிடித்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். எச்சில் தொட்டுத் துடைத்தும் பார்த்தார்.

"கூழாங்கல்லு. தொட்டி கழுவுனப்போ பைப்புல எறங்கியிருக்கு. அஞ்சு சதத்துக்கும் போகாது."

தலைகள் ஒவ்வொன்றாக வேலியிலிருந்து மறைந்தன.

அப்பா எல்லாவற்றையும் முன்போல் பொருத்தி, தண்ணீரைத் திறந்தார். மூலைக் குழாய்கள் புல்லுக்குள்ளேயே கிடந்தன. அம்மாவின் பானையில் தண்ணீர் விழுந்தது. சற்று நேரத்தில் கீழே லயத்திலிருந்து வாளிகள் மோதும் சத்தம் வந்தது.

இனி யாரும் வால்வைத் தேடி அலைய வேண்டாம் என்று ராகினி ஓர் ஓட்டுத் துண்டுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து மூடிக்கு மேல் வைத்தாள்.

மறுநாள் காலை லோஜினி மணி அடிப்பதற்கு முன்பே வந்துவிட்டாள். தலைக்குக் குளித்த ஈரம் பின்னலில் இருந்தது. ராகினி கல்லை அவள் உள்ளங்கையில் வைத்து, நடந்ததைச் சொன்னாள்.

"புவாட் நானா இதுக்கு வெலயே இல்லன்னுட்டாரு" என்று முடித்தாள்.

லோஜினி கல்லை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"அவரு எங்க லயத்துல வந்து இதோட வெலயக் கேக்கட்டும்" என்று சொல்லி, அதைத் தன் பென்சில் பெட்டிக்குள் போட்டு மூடினாள்.