தட்டுவதற்கு முன்னே

முதலில் சத்தம் பிந்தித்தான் வந்தது. விரல் கம்ப்யூட்டரில் மாட்டிய ரப்பர் முரசுப் பலகையில் பட்டு, ஒரு மயிரிழை நேரம் கழித்து ஹெட்போனில் முரசு ஒலித்தது. வேறு யாராவது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அது தெரிந்தே இருக்காது. ஆனால் அவன் மீசை முளைக்கும் முன்பிருந்தே டிரம்ஸ் வாசிக்கிறவன். கூட வாசிக்கிறவர்கள் அவன் சொந்தப் பெயரை மறந்துவிட்டு "தாளம்" என்றே கூப்பிடுகிற அளவுக்கு வாசித்தவன். சோற்றில் கல் கிடந்தால் பல்லுக்குத் தெரிவது போல, அந்த மயிரிழை அவன் காதுக்குத் தெரிந்தது.

பழைய கம்ப்யூட்டரில் இந்தத் தொல்லை இல்லை. அது ஆமைதான், ஆனால் ஒழுங்கான ஆமை. பாட்டில் பத்து வாத்தியம் சேர்ந்தால் மூச்சு வாங்கும், உள்ளே விசிறி கதறும், பிறகு திரை அப்படியே உறைந்துவிடும். அந்த வயிற்றெரிச்சல் தாங்காமல்தான் மனைவியின் தம்பியைக் கூப்பிட்டு, கூட்டோடு சேர்த்து எல்லாவற்றையும் மாற்றச் சொன்னான். புது போர்டு, புது மெமரி, புது டிஸ்க், போதாக்குறைக்கு மைக்கையும் ஹெட்போனையும் மாட்டுவதற்கு ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அந்த மச்சான் காலையில் வந்து எல்லாவற்றையும் பொருத்திவிட்டு, "மாமா, இனிமே ராக்கெட்டுதான்" என்று சொல்லிக் கிளம்பினான். அவன் கிளம்பினான், ராக்கெட் கிளம்பவில்லை.

இப்போது மாலை ஆகிவிட்டது. வெளியே மழை பிடித்திருந்தது. ஆனால் அந்தப் பின்பக்க அறைக்குள் மழைகூட வேறு எங்கோ பெய்வது போலத்தான் கேட்டது. ஜன்னலைப் பலகை வைத்து அடைத்து, சுவர் முழுக்கக் கறுப்பு நுரைப்பஞ்சு ஒட்டி, அவனே பார்த்துப் பார்த்துச் செய்த அறை. புது போர்டின் சூடேறிய வாசமும் பஞ்சு ஒட்டிய பசையின் வாசமும் சேர்ந்து தொண்டையில் நின்றன. மனைவி நர்ஸ், அன்றைக்கு அவளுக்கு மாலை ஷிப்ட். மகள் மட்டும் கூடத்தில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

அவன் மச்சானுக்குப் போன் போட்டான்.

"என்ன மாமா, பிந்துதா?"

"பிந்துது. மாமியார் வீட்டுக்கு வர மாப்பிள்ளை மாதிரி ஆடி அசைஞ்சு வருது."

"பஃபரைக் குறைச்சீங்களா?"

குறைத்திருந்தான். பஃபர் என்பது சத்தத்தைச் சேர்த்து வைத்து அனுப்புகிற ஒரு தொட்டி. தொட்டியைச் சின்னதாக்கினால் சத்தம் சீக்கிரம் வரும், ஆனால் சட்சட்டென்று பொரியும். டிரைவர் மென்பொருளையும் அழித்துத் திரும்பப் போட்டுப் பார்த்தாயிற்று.

"அப்ப கடைசி வழி ஒண்ணு இருக்கு. செட்டிங்ஸ்ல அடியில தாமதத்தைக் கழிக்கிறதுக்கு ஒரு கட்டம் இருக்கும். மைக் முன்னாடி கை தட்டிப் பாருங்க. எவ்வளவு பிந்துதோ அவ்வளவு மட்டும் கழிங்க. அதுக்கு மேல போயிடாதீங்க மாமா."

"போனா என்னடா ஆகும்?"

"யாரு போய்ப் பாத்தா?" என்று சிரித்துவிட்டு மச்சான் போனை வைத்தான்.

அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கை தட்டினான். பிந்தி வந்தது. கட்டத்தில் ஒரு எண்ணைப் போட்டான், தட்டினான், கொஞ்சம் நெருங்கியது. இன்னும் கொஞ்சம் கழித்தான். இப்போது உள்ளங்கைகள் ஒட்டிய நொடியிலேயே காதில் சத்தம், தைத்து வைத்தது போல. அப்பாடா என்று இருந்தது. அத்தோடு எழுந்து போயிருக்கலாம். ஆனால் தாளக்காரனுக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு: சரியாக விழுந்த அடியையும் இன்னும் ஒரு இழை முன்னே தள்ளிப் பார்க்கத் தோன்றும். அவன் இன்னும் ஒரு எண்ணைக் கழித்தான்.

கையை விரித்தான். தட்டுவதற்காக உள்ளே கொண்டுவந்தான். கைகளுக்கு நடுவே இன்னும் இடைவெளி இருக்கும்போதே காதில் கைதட்டல் கேட்டது.

பிறகுதான் கைகள் ஒட்டின.

அவன் சிரித்தான். காலையிலிருந்து சாப்பிடாதவன் காது என்னவெல்லாம் சொல்லும் என்று நினைத்துக்கொண்டான். மறுபடியும் செய்தான். மறுபடியும் முந்தி வந்தது, இந்த முறை இன்னும் கொஞ்சம் முந்தி. கட்டத்தில் இருந்த எண்ணை அழித்துப் பூஜ்யம் போட்டான். பூஜ்யம் திரையில் சாதுவாக உட்கார்ந்திருந்தது. அவன் கையைத் தூக்கும்போதே காதில் தட்டல் விழுந்துவிட்டது. வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டோமோ என்று முதன்முறையாக அவனுக்குத் தோன்றியது.

காதில் போன் மணி அடித்தது. மேசைமேல் கிடந்த போனைப் பார்த்தான். திரை இருண்டு கிடந்தது. பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு மூச்சு இழுத்துவிடும் நேரம் கழித்துத் திரை வெளிச்சமாகி, போன் அதிர்ந்து, அதே மணி அடித்தது.

மனைவி.

"சாப்பிட்டீங்களா?"

"ம்."

"ம்னா? அந்தப் பொட்டிக்குள்ளயே குடி போயிடாதீங்க. பாப்பா என்ன பண்றா?"

"படம் வரையுறா."

"அவளைக் கொஞ்சம் பாத்துக்கங்க. என்ன, குரலே ஒரு மாதிரி இருக்கு?"

சொல்லலாமா என்று வாய் வரை வந்தது. சொன்னால் என்னவென்று சொல்வது? "ஒண்ணுமில்ல, வை" என்றான். வைத்தபிறகு, சொல்லியிருக்கலாம் என்று இருந்தது.

"அப்பா, வரலாமா?"

கதவுக்கு வெளியே மகளின் குரல். அவன் பதில் சொல்ல வாயெடுத்து நிறுத்தினான். குரல் ஹெட்போனுக்குள்தான் கேட்டிருந்தது. கதவருகே யாருமில்லை, கதவின் அடியில் கூடத்து வெளிச்சம் தடையில்லாமல் கோடாகக் கிடந்தது. பிறகு சின்னப் பாதங்கள் தத்தித் தத்தி வரும் சத்தம். வெளிச்சக் கோட்டில் இரண்டு நிழல்கள் வந்து நின்றன.

"அப்பா, வரலாமா?"

இந்த வீட்டில் ஒரு சட்டம்: பதிவு நடக்கும்போது ஒரு தும்மல்கூடப் பாட்டைக் கெடுக்கும் என்பதால், அப்பா கூப்பிட்டால்தான் பாப்பா உள்ளே வரலாம். மற்ற விஷயத்தில் அவள் வால். இந்த விஷயத்தில் சொல் தட்டாத பிள்ளை.

"வேண்டாம்டா கண்ணு. அப்பா கூப்பிட்டாத்தான் வரணும்."

"கூப்பிடுவீங்கதானே?"

"கூப்பிடுறேன். போய் உக்காரு."

நிழல்கள் விலகின. அவள் கூடத்துக்குத் திரும்பிப் போவது நல்லதுக்குத்தான் என்று தோன்றியது, ஏன் என்று தெரியாமலே.

பழுது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். காரணத்தைப் பிடிக்க ஒரே வழி, ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது. வயரை மாற்றினான், அதைச் செருகும் துளையை மாற்றினான், மைக்கின் கழுத்தைத் திருப்பி வைத்தான். இன்னும் ஒன்றுதான் மாற்றாமல் இருந்தது. அவனே.

காதில் கைதட்டல் கேட்கும். அவன் தட்டாமல் இருந்துவிட்டால்?

எழுந்து மைக் முன்னால் நின்றான். ஒரு பக்கக் காதை மட்டும் ஹெட்போனிலிருந்து விடுவித்துக்கொண்டான். தட்டத் தயாரானவன் போலக் கைகளை விரித்து வைத்துக் காத்திருந்தான். விசிறி ஒரே சீராக ஓடியது. கூடத்தில் பென்சில் பெட்டி திறந்து மூடியது. ஹெட்போனுக்குள், தெளிவாக, ஒற்றைக் கைதட்டல்.

அவன் கைகளைத் தொடையோடு சேர்த்து அழுத்திக்கொண்டான். தட்டமாட்டேன். பார்க்கலாம், என்ன செய்கிறாய் என்று. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. ஒன்றும் நடக்கவில்லை. தோள்கள் தளர்ந்தன. பழுதுதான், வெறும் பழுது.

அவனுக்குப் பின்னால், அறைக்குள், யாரோ கை தட்டினார்கள்.

ஒற்றைத் தட்டல். அவன் தட்டுகிற விதம் அது. உள்ளங்கையைக் குழித்து, கனமாக.

திரும்பினான். நுரைப்பஞ்சுச் சுவர். மூலையில் பழைய கம்ப்யூட்டரின் வெற்றுக் கூடு. அதன் பின்னால் மேசை விளக்கு எட்டாத இருட்டு, ஒரு ஆள் நிற்கிற அளவு இருட்டு. அவ்வளவுதான். அவ்வளவு மட்டும்தான் என்று சொல்லிக்கொண்டான். சோதனையெல்லாம் போதும், பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடலாம். ஹெட்போனைக் கழற்றக் கையைத் தூக்கினான்.

காதில் ஒரு குரல் பேசியது. அவனுடைய குரல்.

"பாப்பா, உள்ள வாம்மா."

கை அந்தரத்தில் நின்றது.

"வரேன்ப்பா!" மகளின் துள்ளல். பாதங்கள் ஓடிவந்தன. தாழ்ப்பாள் விலகும் சத்தம். கதவு திறந்தது. "என்னப்பா கூப்பிட்டீங்க?"

பிறகு சற்று நேரம் எதுவுமில்லை.

பிறகு அலறல். "அப்..." என்று தொடங்கியது. முடியவில்லை. நடுவில் அறுந்தது. அதன்பின் அறையின் வெறும் இரைச்சல் மட்டும், ஆளே இல்லாத அறையின் இரைச்சல்.

ஹெட்போனைப் பிய்த்து எறிந்தான். ஓடியிருக்க வேண்டும். கதவு நாலு எட்டில் இருந்தது. ஆனால் அவன் காலையிலிருந்து பழுது பார்த்துக்கொண்டிருந்தவன். கை தானாகப் பிளக்கைத் தேடிப் போனது. மேசைக்கு அடியில் மண்டியிட்டு வயர்களுக்குள் கையைவிட்டுத் துழாவி, கிடைத்ததையெல்லாம் இழுத்தான். திரை செத்தது. விளக்கு செத்தது. விசிறி இறங்கி இறங்கி நின்றது.

நிறுத்தியாயிற்று. இனி நான் கூப்பிடமாட்டேன். கூப்பிடாவிட்டால் அவள் வரமாட்டாள். என் பிள்ளை, சொல் தட்டாதவள்.

அவன் தட்டாமலே பின்னால் விழுந்த அந்தக் கைதட்டல் நினைவுக்கு வந்தது.

எழுந்தான். மேசை முனை இடுப்பில் இடித்தது. இருட்டில் கதவடி வெளிச்சத்தைக் குறிவைத்துப் பாய்ந்தான். போய் அவளை அள்ளிக்கொண்டு அப்படியே மழையில்...

"பாப்பா, உள்ள வாம்மா."

பின்னால். மூலையிலிருந்து. எவ்வளவு பாசமான குரல்! அவனே தன் மகளை அவ்வளவு பாசமாகக் கூப்பிட்டதில்லை.

"வரேன்ப்பா!"

வராதே என்று கத்தினான். வாய் திறந்தது, நெஞ்சு சுருங்கியது, தொண்டையில் வெறும் காற்று வந்தது. இன்னொரு முறை. காற்று. அவன் குரல் அவனிடம் இல்லை.

பாதங்கள் ஓடிவந்தன.

தாழ்ப்பாளைத் தடவிப் பிடித்துப் போட்டான். இரண்டு கையாலும் அழுத்தினான். தோளைக் கதவில் முட்டுக்கொடுத்தான். காலடியில் வெளிச்சக் கோடு. அதில் இரண்டு சின்ன நிழல்கள் வந்து நின்றன. போயிடு கண்ணு. அப்பா கும்பிடுறேன், போயிடு. உதடு மட்டும் அசைந்தது.

"அப்பா, பூட்டியிருக்கு."

"இரும்மா, திறக்கிறேன்" என்றது பின்னால் குரல். இப்போது மூலையில் இல்லை. கழுத்தருகே.

அவன் கைகளின் மேல் இன்னொரு கை வந்து அமர்ந்தது. சூடான கை. அதன் ஆள்காட்டி விரலில், டிரம்ஸ் குச்சி உரசி உரசிக் காய்த்துப்போன இடம், அவனுக்கு இருக்கிற அதே இடத்தில் அதே சொரசொரப்பு. அது அவன் விரல்களை ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் எடுத்துவிட்டது. அவன் முழு பலத்தோடு பிடித்துக்கொண்டிருந்தான்.

தாழ்ப்பாள் விலகியது.

கதவு திறந்து கூடத்து வெளிச்சம் உள்ளே விழுந்தது. வாசலில் மகள், கையில் வரைந்த படத்தோடு. அவன் தலையை ஆட்டினான். வேண்டாம், வேண்டாம் என்று ஆட்டினான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை. அங்கே யாருமே நிற்காதது போல அவனைத் தாண்டிப் பார்த்தாள். அவன் தோளுக்குப் பின்னால் நிமிர்ந்து, முகம் மலர்ந்து கேட்டாள்:

"என்னப்பா கூப்பிட்டீங்க?"