கழியனின் கிழிந்த பை

பாயிஸாவுக்குப் பெருமை வந்துவிட்டால் அதை மனதுக்குள் வைத்திருக்கத் தெரியாது. யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும். அன்று காலையில் பக்கத்தில் யாரும் அகப்படவில்லை. ஜன்னலைத் திறந்து, தெருவில் போன முச்சக்கரவண்டிக்காரரிடம் சொன்னாள்.

"எங்கட தம்பி இன்டைக்குக் கணக்குப் படிக்கப் போறான்!"

"அப்படியா? சந்தோஷம்!" என்று அவரும் கத்திவிட்டு, கெலிஓயா பஸாரை நோக்கிப் போய்விட்டார்.

"ஊருக்கெல்லாம் சொல்லி முடிஞ்சதா?" என்று உம்மா உள்ளிருந்து கேட்டார். "வா மகள், பாயை விரி."

பாயிஸாவுக்குப் பத்து வயது. அவளும் தம்பி நஸீபும் பள்ளிக்கூடம் போவதில்லை. உம்மாதான் வீட்டில் சொல்லிக்கொடுக்கிறார். தமிழ், சிங்களம், ஆங்கிலம் எல்லாம் மற்றப் பிள்ளைகள் படிப்பதைப் போலத்தான் படிக்கிறார்கள். கணக்கு மட்டும் கதையாக வரும். வெளிநாட்டில் சில தாய்மார் அப்படிச் சொல்லிக்கொடுப்பதை உம்மா போனில் பார்த்தார். பிறகு தானே தமிழில் ஒரு கதையைக் கட்டி, பழைய கலண்டர்த் தாள்களின் பின்பக்கத்தில் படங்களும் வரைந்து வைத்தார்.

கதையில் நாலு அணில்கள் உண்டு. கூட்டன், கழியன், பெருக்கன், பங்கன். கூட்டன் கண்டதையெல்லாம் பொறுக்கிச் சேர்ப்பான். கழியனின் பையில் ஓட்டை. அவன் போகும் வழியெல்லாம் கொட்டைகள் விழுந்துகொண்டே இருக்கும். மற்ற இரண்டு பேரின் சேட்டைகளையும் சொல்லப் போனால் நமக்கு இன்று பொழுது போதாது.

பாயிஸா ஏழு வயதில் அந்த அணில்களோடு கணக்கைத் தொடங்கினாள். இப்போது பின்னக் கணக்குக்கும் பயப்படுவதில்லை.

நஸீபுக்கு இன்னும் ஐந்து வயது முடியவில்லை. "ஆறு வயசு ஆகட்டும்" என்று உம்மா சொல்லி, படங்களை அலுமாரியில் பூட்டி வைத்திருந்தார். பாயிஸாதான் விடவில்லை.

"அவனுக்கு நூறு வரைக்கும் எண்ணத் தெரியும் உம்மா! படி ஏறும்போதும் எண்ணுறான். சோறு தின்னும்போதும் எண்ணுறான்."

"எண்ணுறது வேற, கணக்கு வேற மகள்."

"எங்கட நஸீப் கெட்டிக்காரன். இப்பவே தொடங்குங்க உம்மா. பிளீஸ் உம்மா."

காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம், படுக்கப் போகும்போது ஒரு தரம். கேட்டுக் கேட்டு உம்மாவின் காது புளித்துப்போயிற்று. கடைசியில் அலுமாரி திறந்தது.

கூட்டனின் கதை அருமையாகப் போயிற்று. கழுவிக் காயவைத்த ரம்புட்டான் கொட்டைகளை உம்மா பாயில் பரப்பினார். "கூட்டன் மரத்தடியில மூணு கொட்டை எடுத்தான். வேலிப் பக்கம் நாலு எடுத்தான்" என்று சொல்லி முடிப்பதற்குள், "ஏழு!" என்று நஸீப் துள்ளினான்.

பாயிஸா ஓடிப்போய் அனீஸா மாமிக்குப் போன் எடுத்தாள். மாமி வாப்பாவின் அக்கா. கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை.

"மாமி, நஸீப் கணக்குச் செய்றான்! நான்தான் உம்மாகிட்டச் சொல்லித் தொடங்க வெச்சேன்!"

"மாஷா அல்லாஹ்! பௌர்ணமிப் போயா லீவுக்கு வந்து பார்க்கிறேன்" என்றார் மாமி.

அதற்குப் பிறகு கழியன் வந்தான். வந்தது வினை.

"கழியன்ட பையில அஞ்சு கொட்டை இருந்திச்சு" என்று உம்மா கதையைத் தொடங்கினார். "ஓட்டையால ரெண்டு விழுந்திட்டு. வீட்டுக்குப் போய்ப் பார்த்தான். மிச்சம் எத்தனை?"

"அஞ்சு" என்றான் நஸீப்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க மகன்."

"அஞ்சு."

ஏழிலிருந்து மூன்று விழுந்தாலும் ஏழு. பத்திலிருந்து நாலு விழுந்தாலும் பத்து. உம்மா கோபப்படாமல் மறுபடி மறுபடி கதையைச் சொன்னார். மூன்றாம் முறை சொல்லும்போது நஸீபின் உதடு பிதுங்கியது. நாலாம் முறை சொல்வதற்குள் அவன் மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு அழத் தொடங்கினான்.

மறுநாளும் அதே கூத்து. அதற்கடுத்த நாள், உம்மா படத்தைக் கையில் எடுத்ததுமே அவன் மேசைக்கடியில் புகுந்துவிட்டான். முன்பெல்லாம் படி ஏறும்போது எண்ணுவானே, அதையும் விட்டுவிட்டான்.

அன்று மாலை உம்மா போனை ஸ்பீக்கரில் போட்டு மாமியோடு பேசியது பாயிஸாவின் காதில் விழுந்தது.

"என்ட பிழைதான் மைனி. அவசரப்பட்டுட்டேன். புள்ளைக்குக் கணக்கெண்டாலே இப்ப பயம் வந்திட்டு."

"கவலைப்படாதே சப்னா" என்றார் மாமி. "போயாவுக்கு நான் வந்து பார்க்கிறேன். சரிவராட்டி ஜனவரியில எங்கட பள்ளிக்கூட நேர்சரியில சேர்த்திருவோம். விடியக்காலையிலேயே வேன் வரும். அவன்ட வாப்பாவும் அதுதான் நல்லமெண்டு சொல்றான்."

நஸீப் காலையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, தலையணையையும் இழுத்துக்கொண்டு பாயிஸாவிடம்தான் வருவான். அவன் வேனில் போய்விட்டால் அவள் யாரோடு படிப்பாள்? அதைவிட இன்னொன்றுதான் அவளை அதிகமாகக் குத்தியது. உம்மா பிழை செய்யவில்லை. தொடங்குங்க, தொடங்குங்க என்று நச்சரித்தது அவள்தான்.

போயாவுக்கு முதல்நாள் நல்ல மழை. மாமி வருவார் என்று உம்மா குசினியில் வட்டிலப்பம் செய்துகொண்டிருந்தார். பாயிஸா நஸீபை மூலைக்கு இழுத்துப் போனாள். அவளிடம் ஒரு திட்டம் இருந்தது. நல்ல திட்டம் என்று சொல்ல முடியாது.

"இங்க பாரு. நாளைக்கு மாமி 'அஞ்சில ரெண்டு போனா எத்தனை?' எண்டு கேட்பாங்க. நீ மூணு எண்டு சொல்லு. சரியா?"

நஸீப் கண்ணை விரித்தான். "ராத்தா, பொய் சொல்லக்கூடாது."

"இதில என்னடா பொய்?"

"கழியன்கிட்ட அஞ்சுதானே இருக்கு."

"ரெண்டு கீழ விழுந்திட்டே!"

"விழுந்திச்சு. நான் பொறுக்கிக் குடுத்திட்டேன்."

பாயிஸா அவன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"எத்தனையைப் பொறுக்கிக் குடுத்த?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ரெண்டு."

"சரி, ஏழு இருந்து மூணு விழுந்தா?"

"மூணையும் பொறுக்கணும்."

"நீ பொறுக்காம விட்டா அவன்கிட்ட எத்தனை இருக்கும்?"

நஸீபின் முகம் சுருங்கியது. "நாலு. ஆனா பாவம் ராத்தா. அவன் வீட்டுக்குப் போனா அவன்ட உம்மா ஏசுவா. ஒவ்வொரு நாளும் கிழிஞ்ச பையையே குடுத்து அனுப்புறாங்க. யாருமே தைச்சுக் குடுக்கிறாங்க இல்ல!"

சொல்லும்போதே அவன் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. பாயிஸாவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. ஏழு வயதில் அவள் கழியனின் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தவள். நஸீபுக்கு அது கதையே இல்லை. எங்கோ ஓர் அணில் உண்மையாகவே கொட்டைகளைத் தொலைத்துவிட்டு நிற்கிறது, பெரியவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு 'மிச்சம் எத்தனை?' என்று கேட்கிறார்கள். அவனுக்கு அழுகை வராமல் என்ன செய்யும்?

"வா" என்றாள் பாயிஸா. "நாங்களே தைப்போம்."

வாப்பாவின் பழைய சட்டைத் துணியில் ஒரு துண்டு கிடைத்தது. பாயிஸா ஊசி பிடித்தாள். நஸீப் நூலைப் பிடித்தான், இரண்டு தரம் சிக்கலும் போட்டான். பை கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. ஆனால் கொட்டைகளைப் போட்டு எவ்வளவு உலுக்கியும் ஒன்றுகூட விழவில்லை. அன்று இரவு நஸீப் அந்தப் பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்தான்.

மறுநாள் மாமி வந்தார். கதிரையில் உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்து, வட்டிலப்பத்தையும் மெச்சிவிட்டு, நஸீபைக் கூப்பிட்டார்.

"வாங்க மகன். கழியன்ட பையில அஞ்சு கொட்டை. ரெண்டு விழுந்திட்டு. மிச்சம் எத்தனை?"

"அஞ்சு" என்றான் நஸீப் தைரியமாக.

மாமி உம்மாவைப் பார்த்தார். உம்மா தரையைப் பார்த்தார்.

"மாமி" என்று பாயிஸா முன்னால் வந்தாள். "எத்தனையைப் பொறுக்கிக் குடுத்தாய் எண்டு அவன்கிட்டக் கேளுங்க."

"பொறுக்கிக் குடுக்கிறதா?"

"கேளுங்களேன்."

மாமி கேட்டார். "ரெண்டு" என்றான் நஸீப்.

"எட்டு இருந்து மூணு விழுந்தா?"

"மூணையும் பொறுக்குவேன். பொறுக்காட்டி அஞ்சுதான் இருக்கும். பாவம்."

மாமி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனை உற்றுப் பார்த்தார். உம்மா சட்டென்று நிமிர்ந்தார். பாயிஸா கோணல் பையைக் கொண்டுவந்து பாயில் வைத்தாள்.

"நஸீப், இப்ப கழியன்ட பை கிழியல்ல. உள்ளுக்கு அஞ்சு இருக்கு. ரெண்டை அவன் மாமிக்குக் குடுக்கிறான்."

நஸீப் இரண்டு கொட்டைகளை எடுத்து மாமியின் உள்ளங்கையில் வைத்தான். அவன் முகம் மலர்ந்தது.

"கழியன்கிட்ட மூணு! மாமிகிட்ட ரெண்டு! விழல்ல, அவனா குடுத்தான்!"

பிறகு அவனை நிறுத்த முடியவில்லை. கழியன் உம்மாவுக்குக் கொடுத்தான், ராத்தாவுக்குக் கொடுத்தான், ஜன்னலில் வந்து குந்திய காகத்துக்கும் ஒன்று கொடுத்தான். ஒவ்வொரு முறையும் மிச்சத்தைப் பிழையில்லாமல் சொன்னான். உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பிறகென்ன சப்னா?" என்றார் மாமி. "புள்ளைக்குத் தெரியும். நாளைக்கே மத்த ரெண்டு அணிலையும் தொடங்கிரு."

அடுத்த வார்த்தையைச் சொல்வது பாயிஸாவுக்கு லேசாக இருக்கவில்லை.

"வாணாம் மாமி. இப்ப வாணாம்."

"ஏய்! தொடங்கச் சொன்னதே நீதானே?"

"ஓ, நான்தான். அது பிழை. அவனுக்குக் கணக்குத் தெரியும், ஆனா கதையைக் கதையெண்டு தெரியா. பங்கன்ட கதையில குரங்கு வந்து பாதியைப் பறிக்கும். அதைக் கேட்டா இவன் குரங்கைப் பிடிக்க மரத்தில ஏறிருவான்."

"எந்தக் குரங்கு?" என்றான் நஸீப் பதறிப்போய்.

"பார்த்தீங்களா?"

மாமி சத்தமாகச் சிரித்துவிட்டார். "அப்ப எப்பதான் தொடங்குறது?"

"கழியன் கொட்டையை விழுத்தினா இவனுக்கு என்டைக்குச் சிரிப்பு வருதோ, அன்டைக்கு. அதுவரைக்கும் கொட்டையை வெச்சு விளையாடட்டும். கணக்கெல்லாம் விளையாட்டிலேயே வந்திரும்."

உம்மா பாயிஸாவைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"நான் ஆறு வயசு எண்டு சொன்னேன். அது சும்மா ஒரு குத்துமதிப்பு. நீ சொன்னதுதான் சரியான அளவு மகள். எனக்கே தோணல்ல."

பாயிஸாவின் காதுவரை சூடேறியது. அவளுக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. ஆச்சரியம் என்னவென்றால், இந்த முறை ஜன்னலுக்கு ஓட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஓடாவிட்டால் என்ன? மாமி விடவில்லை. அங்கேயே போனை எடுத்து, கடையிலிருந்த வாப்பாவைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஜனவரிக்கு வேனும் வாணாம், ஒண்டும் வாணாம். உன்ட வீட்டிலேயே ரெண்டு டீச்சர்மார் இருக்காங்க!"

நஸீப் தலையை நிமிர்த்தினான். உம்மாவைப் பார்த்தான், ராத்தாவைப் பார்த்தான், ஏதோ யோசித்தான். பிறகு மாமியின் கையைப் பிடித்து இழுத்தான்.

"ரெண்டில்ல மாமி, மூணு. ராத்தாவுக்குச் சொல்லிக் குடுத்தது நான்தானே!"

"ஓ" என்றாள் பாயிஸா, அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு. "மூணுதான் மாமி. கணக்குச் சரி."